மொட்டைப்பாறைக்குக் கீழே ஒரு குளம்

"பூஜ்யத்திலிருந்து ஆறு. நீலம்!"

ஞானஜோதி இப்படிக் குரல் கொடுத்ததும் கிடங்குக்குள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் தலை குனிந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பலகை, பலகைமேல் ஒரு நீளக் காகிதம், காகிதம் முழுக்க எண்கள். பூஜ்யம் முதல் ஆறு வரை எந்த எண் கண்ணில் பட்டாலும் அதன்மேல் நீலப் பென்சிலால் ஒரு கட்டம் தீட்ட வேண்டும். மற்ற எண்களைத் தொடக் கூடாது. முடித்தவள் "ஆச்சுங்க" என்பாள். கடைசி ஆளும் அதைச் சொன்ன பிறகுதான் அடுத்த கட்டளை வரும். அதுவரை முடித்தவர்கள் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, முடிக்காதவளை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

"ஏம்புள்ள கமலாத்தா, உனக்காக ஊரே நிக்குது. உம்பட பட்டையில மட்டும் சமுத்திரம் வந்து சேந்துக்கிச்சா?" என்று சத்தம் போட்டாள் கருப்பாத்தாள்.

"சித்த சும்மா இரு. எண்ணெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது."

"நேத்து மாப்ளை ஊட்டுக்காரங்க வந்துட்டுப் போனாங்கல்ல. அதுக்கப்புறம் எண்ணும் ஏறும், வானமும் எறங்கும்."

கிடங்கே சிரித்தது. ஞானஜோதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேச்சு போதும் பிள்ளைகளா" என்றாள்.

எழுபத்தாறாம் வருஷம் அது. மழை பொய்த்துப் போனதால், மலையாள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பின்னாலிருந்த கடலைக்காய்க் கிடங்கு மூட்டையே இல்லாமல் சும்மா கிடந்தது. அதில்தான் சர்வே ஆபீஸ் வந்து உட்கார்ந்தது. வானத்தில் சுற்றுகிற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று பூமியைப் படம் பிடித்து, படத்தை எண்களாகக் கீழே அனுப்பியிருந்தது. ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலத்துக்கு ஓர் எண். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தில் எடுத்த படமாம் அது. அந்த வெளிச்சத்தைத் தண்ணீர் விழுங்கிவிடும், எண் சின்னதாக இருக்கும். பச்சை இலை திருப்பி அடிக்கும், எண் பெரிதாக இருக்கும். பாறையும் காய்ந்த மண்ணும் நடுவில் நிற்கும்.

பட்டணத்திலிருந்த கம்ப்யூட்டர் எண்களை அச்சடித்துத் தந்ததோடு சரி. அதை வண்ணப் படமாக்க அங்கே முறைக்குக் காத்திருந்தால் மாதங்கள் ஆகும். சித்தூர்ப் பக்கத்துக் குளங்களில் எதில் தண்ணீர் மிச்சம், மலையில் எங்கே ஊற்று என்று சர்க்காருக்கு உடனே தெரிய வேண்டியிருந்தது. அதனால் ஆபீஸ் அதிகாரி ஞானஜோதி ஒரு வேலை செய்தாள். படத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஆளுக்கொரு பட்டை என்று பெண்களுக்குக் கூறு போட்டுக் கொடுத்தாள்.

"அமெரிக்கால ஒரு மெஷின் இருக்கு" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அவளுக்கு நாகர்கோவில். பாடமே நடத்தாவிட்டாலும் பெண்கள் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். "அதுக்குள்ள அறுபத்து நாலு மூளை. ஒரு இடத்திலிருந்து கட்டளை வரும். அறுபத்து நாலும் ஆளுக்கொரு துண்டு படத்த வச்சுக்கிட்டு ஒரே நேரத்துல அதையே செய்யும். ஒத்த மூளை வாரக்கணக்கா பாக்கிற படத்த, நாம கஞ்சி குடிச்சிட்டு எழும்புறதுக்குள்ள அது முடிச்சிரும். நம்மட்ட அந்த மெஷின் இல்ல. அதனால நீங்கதான் மெஷின்."

"அப்பறம் நமக்குச் சோறு போடுவாங்களா, எண்ணெய் ஊத்துவாங்களா?" என்று கேட்டவளும் கருப்பாத்தாள்தான்.

அந்த மெஷினின் படத்தை ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டி ஞானஜோதி ஒரு பலகையில் ஒட்டிவைத்திருந்தாள். பார்க்க வரிசையாக நிறுத்திய பீரோக்கள் மாதிரிதான் இருந்தது. பெண்கள் தீட்டி முடிக்கக் காத்திருக்கும் நேரத்தில் அவள் கண் அதன்மேல் போகும். வரன் போட்டோவைப் பார்க்கிற பெண்ணின் முகம் அப்போது அவளுக்கு வந்துவிடும். அந்த மெஷின் இருக்கிற ஊருக்குப் போய்ப் படிக்க எழுதிப் போட்டிருக்கிறாள், பதில் வரவில்லை என்று ஜீப் ஓட்டுகிற சுவக்கீன் சொல்லியிருந்தான்.

அந்த முகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவள் ராசம்மாள் ஒருத்தி. கருப்பாத்தாளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். வேலையில் அவள்தான் முந்தி. ஆனால் அவள் சொல்கிற "ஆச்சுங்க" அவள் காதுக்கே எட்டாது. "ராசம்மாளுக்கும் ஆச்சுங்க டீச்சர், வாய் மட்டும் இன்னும் வந்து சேரலீங்க" என்று கருப்பாத்தாள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ராசம்மாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளாக நிற்கவில்லை. அவளுடைய அக்கா பொன்னாத்தாள், கம்பத்திலிருந்து பொள்ளாச்சிக்கு லாரி ஓட்டிவந்த சின்னமுத்து என்பவனோடு போய்விட்டாள். போன மறுநாள் அவர்களைப் பெற்ற ஐயன் நஞ்சப்பன், ராசம்மாளின் பள்ளிக்கூடப் பையை எடுத்துக் கூரையடி அட்டாலியில் போட்டார். "ஒண்ணு போனது போதும்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொன்னாத்தாள் என்ற பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. கிணறு வற்றி, வெள்ளாமை போய், மாட்டையும் விற்ற பிறகுதான், பெண்கள் மட்டும் வேலை செய்கிற ஆபீஸ், அதிகாரியும் பொம்பளை என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டு ராசம்மாளை அனுப்பினார்.

அக்காவைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு சேதி தெரியும். போன வருஷம் சந்தையில் லாரி கிளீனர் ஒருவன், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொல்லிப் போனது. "கம்பம்மெட்டு செக்போஸ்ட்டத் தாண்டி உள்ள போனா ஒரு பெரிய மொட்டப்பாறை. ஆனை படுத்த கணக்கா இருக்கும். அதுக்கு அடிவாரத்துலதான் அக்கா வீடு. தகரக் கூரை, சுத்தி ஏலம்." அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு ராசம்மாள் ஒரு வருஷம் ஓட்டினாள். தண்ணீர் சேந்தும்போது பாறையை நினைப்பாள். கூடையால் கோழியைக் கவிழ்க்கும்போது தகரக் கூரையை நினைப்பாள். கூரையில் மழை பெய்தால் என்ன சத்தம் வரும் என்று நினைப்பாள். ஏலச்செடியை அவள் கண்டதே இல்லை. மஞ்சள் செடி மாதிரி இருக்குமா, வாழை மாதிரி இருக்குமா என்று மாற்றி மாற்றி மனசுக்குள் நட்டுப் பார்ப்பாள்.

சமவெளிப் பட்டைகள் முடிந்தபோது கமலாத்தாளுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. அவள் பட்டையில் நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, பழைய வரைபடத்தில் இல்லாத ஒரு நீலம் விழுந்திருந்தது. புதிதாகத் தண்ணீர் தெரிந்தால் நேரில் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். யார் தீட்டிய பட்டையோ அவள் கூடப் போய் இடம் காட்ட வேண்டும் என்பதும் சட்டம்தான். பட்டையின் மேடுபள்ளமெல்லாம் தீட்டினவள் கண்ணுக்குத்தான் பழகியிருக்கும் என்பாள் ஞானஜோதி. கமலாத்தாள் ஜீப்பில் முன் ஸீட்டில் உட்கார்ந்து போனாள். போய்ப் பார்த்தால் அது செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி, நிறையத் தண்ணீர். இரண்டு நாளைக்குக் கமலாத்தாள் தரையில் நடக்கவில்லை.

"குழியைக் கண்டுபுடிச்சதுக்கே இந்த ஆட்டமா? கெணத்தைக் கண்டுபுடிச்சிருந்தா எங்களையெல்லாம் கால்ல உழச் சொல்லியிருப்ப" என்றாள் கருப்பாத்தாள்.

அடுத்த வாரம் மலைப் பட்டைகள் வந்தன. சுவரில் புதிதாக ஒரு வரைபடம் தொங்கியது. அதன்மேல் பட்டைகளுக்குச் சரியாகச் சிவப்புக் கோடுகள் போட்டிருந்தன. தண்ணீர் குடிக்க எழுந்தவள் மாதிரி ராசம்மாள் அதன் பக்கத்தில் போய் நின்றாள். மலையாளத்தில் எழுதிய ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவளின் கண் ஓரிடத்தில் நின்றது. கம்பம்மெட்டு. எல்லைக் கோட்டை ஒட்டி, சின்ன எழுத்தில். அது விழுந்திருந்த பட்டை கருப்பாத்தாளுடையது.

ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் தீட்டுகிறவள் பெயர் முன்கூட்டியே எழுதியிருக்கும். பட்டை மாற்றக் கூடாது. மாற்றினால் யார் தவறு என்று தெரியாமல் போகும் என்பதால் ஞானஜோதி இதில் மட்டும் கறாராக இருந்தாள்.

"கருப்பாத்தா, உம்பட பட்டையை எனக்குத் தாயேன்."

கருப்பாத்தாள் திரும்பிப் பார்த்தாள். ராசம்மாள் தானாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"ஏன், எம்பட பட்டையில தங்கம் கிங்கம் தெரியுதா?"

"இல்ல, சும்மா."

"சும்மாவுக்கு மொகம் ஏன் இப்பிடிச் செவக்குது? ஏதோ இருக்குது. சரி, வெச்சுக்க. எனக்கு எந்தக் காடா இருந்தா என்ன, எல்லாம் பச்சைப் பென்சலுதான் தேயப்போகுது."

பலகைகள் சத்தமில்லாமல் கை மாறின.

நீலத்துக்கான கட்டளை வந்து போனது. மலையில் நீலமே இல்லை என்று சொல்லலாம். எங்கோ ஓர் ஓடையின் தேக்கம், அவ்வளவுதான். பெண்கள் மளமளவென்று "ஆச்சுங்க" சொன்னார்கள். அடுத்து, "பதினைந்திலிருந்து இருபத்தைந்து. மஞ்சள்!" என்றாள் ஞானஜோதி.

ராசம்மாள் தேடினாள். நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு என்று காடு பக்கம் பக்கமாக ஓடியது. எல்லை மேட்டுக்கு மேற்கே கொஞ்சம் தள்ளி, அந்தக் காட்டின் நடுவில், சட்டென்று ஒரு கொத்து. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எங்குமே இல்லாத ஒரு கொத்து.

மொட்டைப்பாறை.

அவள் ஒவ்வோர் எண்ணாக மஞ்சள் தீட்டினாள். தீட்டத் தீட்ட ஆனை படுத்த மாதிரியேதான் எழும்பி வந்தது. பாறையைச் சுற்றி எந்த எண்ணில் அக்கா இருக்கிறாள்? எந்தப் பக்கத்து அடிவாரம் என்று கிளீனர் சொல்லவில்லை. அக்கா கிழக்கு பார்த்த வாசல்தான் வைத்திருப்பாள், பாறைக்கு முதுகு காட்டிக் கட்டியிருப்பாள் என்று ராசம்மாள் கணக்குப் போட்டாள். பாறைக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இருந்த எண் நாற்பத்து மூன்று.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்றுக்குப் பக்கத்திலும் நாற்பத்து மூன்று, அதற்கு அப்பாலும் நாற்பத்து மூன்று. நிழல்மரங்களுக்கு அடியில் ஏலம், ஏலத்துக்கு நடுவில் தகரக் கூரை, கூரைக்குக் கீழே அக்கா. மேலேயிருந்து பார்த்த கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே காடு. இன்னும் சற்று நேரத்தில் பச்சைக்கான கட்டளை வரும். அக்காவையும் சேர்த்துப் பச்சையாக மூடிவிட வேண்டியதுதான்.

சுற்றிலும் "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று குரல்கள் வந்து ஓய்ந்தன. கிடங்கு அமைதியாகிவிட்டது.

"யாரு நிக்கிறது?" என்றாள் ஞானஜோதி.

எல்லாப் பென்சில்களும் கொண்டையில் ஏறியிருந்தன. ராசம்மாளின் கை மட்டும் பலகைமேல் இருந்தது. அந்தக் கை, யாரும் சொல்லாமல், மஞ்சள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நீலத்தை எடுத்தது. நாற்பத்து மூன்றின் மேல் ஒரு கட்டம். பக்கத்தில் இன்னொன்று. ஒரு சின்னக் குளம்.

"ஆச்சுங்க" என்றாள். முதல்முறையாக அது எல்லாருக்கும் கேட்டது.

மறுநாள் காலை பட்டைகளையெல்லாம் சுவரில் சேர்த்து ஒட்டிவைத்துப் பார்த்த ஞானஜோதி, அந்தச் சின்ன நீலத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "மலை முகட்டில தண்ணி!" என்று சுவக்கீனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது, தீட்டலுக்கு அடியிலிருந்த எண்ணைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ராசம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஜீப் போகும். தீட்டினவள் கூடப் போவாள். நாளைக்கு இந்நேரம் பாறையடியில் நிற்பேன்.

ஞானஜோதி குனிந்து பட்டையின் ஓரத்தைப் படித்தாள்.

"கருப்பாத்தா! உன் பட்டைதான். நாளைக்கு விடியக்காலம் கிளம்பணும். பொள்ளாச்சி, பழனி, தேனின்னு சுத்திப் போகணும், ராத்திரி கம்பத்துல தங்கல். வீட்டுல கேட்டுட்டு வா."

ஓரத்துப் பெயரை ராசம்மாள் மறந்தே போயிருந்தாள்.

கருப்பாத்தாள் திறந்த வாய் மூடாமல் ராசம்மாளைப் பார்த்தாள். ராசம்மாள் தரையைப் பார்த்தாள். என்னுடையது என்று இப்போது சொன்னால் பட்டை மாற்றியது வெளியே வரும், எண்ணைப் பார்த்தால் குளமும் பொய்யென்று தெரியும், ஜீப்பே போகாது. சொல்லாவிட்டால் ஜீப் போகும். அவள் இல்லாமல் போகும்.

அவள் சொல்லவில்லை.

மத்தியானம் குடத்தடியில் கருப்பாத்தாள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்புள்ள, எம்பட பேர்ல ஒரு குளத்தை வெட்டி வெச்சிருக்கறயே, நெசமாலுமே அங்க தண்ணி இருக்குதா?"

ராசம்மாள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அப்பறம் என்ன கருமம் அது?"

"எங்கக்கா ஊடு."

கருப்பாத்தாள் மொண்ட தண்ணீரைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றினாள். பிறகு, "பொன்னக்காளைத் தண்ணியாக்கிப் போட்டயா? அடிப்பாவி" என்றாள் மெதுவாக. "சரி, பாத்தா என்ன சொல்லட்டும்?"

ஒரு வருஷமாக மனசுக்குள் பேசிப் பேசி வைத்த ஒன்றுகூட ராசம்மாளுக்கு வாயில் வரவில்லை.

"ஒண்ணும் வேண்டாம். எப்பிடி இருக்கறாங்கன்னு பாத்துட்டு மட்டும் வா."

ஜீப் போன இரண்டு நாளும் கிடங்கில் வேலை நடக்கவில்லை. கட்டளை சொல்ல ஆள் இல்லை. பெண்கள் பென்சில் சீவினார்கள், பேன் பார்த்தார்கள், கமலாத்தாளின் மாப்பிள்ளைக்கு முன்பல் எடுப்பா இல்லையா என்று வழக்காடினார்கள். ராசம்மாள் சுவரில் ஒட்டியிருந்த பட்டையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். இப்போது பொள்ளாச்சி தாண்டியிருக்கும், இப்போது மலை ஏறும் என்று மனசு ஜீப்பின் பின்னாலேயே ஓடியது.

மூன்றாம் நாள் காலை ஞானஜோதி வந்தாள். கண் சிவந்து, புடவையெல்லாம் செம்மண். கருப்பாத்தாள் அவள் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ராசம்மாள் பக்கம் திரும்பவில்லை.

ஞானஜோதி நேராகச் சுவருக்குப் போய் அந்தப் பட்டையை உரித்தெடுத்தாள். நீலத்துக்கு அடியில் மங்கலாகத் தெரிந்த எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அங்க குளமும் இல்ல, குட்டையும் இல்ல. காடு. நாப்பத்து மூணு, உனக்கு எப்படி நீலமாத் தெரிஞ்சுது கருப்பாத்தா? மூணை விட்டுட்டு நாலுன்னு படிச்சிருந்தாக்கூடச் சரி. ஒண்ணுக்கு ரெண்டா எப்படித் தப்பும்?"

"கண்ணு தப்பிருச்சுங்க டீச்சர்."

"ரெண்டு நாள் போச்சு. அத்தனை பேர் வேலையும் நின்னுது. மேலாபீசுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் கருப்பாத்தாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை ராசம்மாளால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"நாந்தானுங்க போட்டேன். பட்டையை மாத்திக்கிட்டோமுங்க. அவளுக்குத் தெரியாதுங்க."

குரல் கிடங்குக் கூரையில் பட்டுத் திரும்பியது. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு குரலா என்று எல்லாரும் திரும்பினார்கள்.

ஞானஜோதி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராசம்மாள் சொல்லியிருப்பாளோ என்னவோ. பலகையை அவள் மடியில் வைத்து, ரப்பரும் பிளேடும் கொடுத்தாள்.

"அழிச்சுட்டுப் பச்சை போடு. எல்லாரும் காத்திருப்பாங்க." பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "ஒரு மூளை தன் இஷ்டத்துக்கு ஒண்ண நினைச்சா மத்த எல்லாமும் செஞ்சது வீணாப் போகும், ராசம்மா. நீ கெட்டிக்காரி. ஆனாலும் உன்ன வச்சுக்க முடியாது. இந்தப் பட்டையோட போதும்" என்றாள்.

ராசம்மாள் பிளேடால் நீலத்தைச் சுரண்டினாள். கிடங்கில் வேறு சத்தமே இல்லை. காகிதம் அந்த இடத்தில் மெலிந்து, அடியிலிருந்த பலகையின் நிறம் தெரிந்தது. குளம் பொடிப்பொடியாக மடியில் உதிர்ந்தது. அங்கே ஒன்றுமில்லை, காடு என்றாரே டீச்சர். அப்படியானால் வீடு? கிளீனர் சொன்னதே பொய்யா? பாறைகூட வேறு பாறையா? கருப்பாத்தாளைக் கேட்க முடியாது. எல்லாரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பச்சைப் பென்சிலை எடுத்து, கிழிந்துவிடாமல், மெல்ல மெல்லத் தீட்டினாள்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் இருவரும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, பனைமர நிழல்தான் ஓடியது. சந்தை இரைச்சல் பின்னால் தேய்ந்த பிறகுதான் கருப்பாத்தாள் பேச்சை எடுத்தாள்.

"நீ போட்ட எடத்துல ஊடு இல்ல புள்ள. கெழக்கால வெறும் ஏலக்காடு. கம்பத்துப் பக்கமிருந்து காத்து அப்பிடி அடிக்குது, அங்க எவன் கூரை போடுவான்? தூக்கிட்டுப் போயிரும். டீச்சர் நாலு எட்டு நடந்து பாத்துட்டு, திரும்பலாமுன்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. ஒதுங்கிட்டு வாரேனுங்கன்னு சொல்லிட்டுப் பாறையைச் சுத்திப் போனேன். மேக்கால இருந்துச்சு."

ராசம்மாள் நின்றுவிட்டாள்.

"தகரக் கூரைதான். வாசல்ல ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா அடுப்பு எரியுது, பானை கொதிக்குது. உள்ள தூளி ஆடுது, கொழந்தை இல்ல."

"தூளியா?"

"ஆமா, தூளி. நீ சித்தியாயிட்ட. கேளு. எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. அப்பறந்தான் ரோசனை வந்துச்சு. நம்ம ஜீப்புல சர்க்கார் போர்டு இருக்குதல்ல? அங்கெல்லாம் காட்டை வெட்டி ஊடு கட்டுனவங்களை எறக்கி உடறதுக்கு ஜீப்புலதான் வருவாங்களாமா. குடியெறக்குன்னு சொல்றாங்க. வண்டிச் சத்தத்தைக் கேட்டதும் அள்ளிச் சுருட்டிட்டு ஏலத்துக்குள்ள ஓடிட்டாங்க."

ராசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவைப் பார்க்க அவள் அனுப்பிய வண்டி அக்காவை விரட்டியிருக்கிறது.

"நான் வாசல்ல நின்னு, பொன்னக்கா, நான் கருப்பாத்தா, கொழிஞ்சாம்பாறைன்னு கூப்பிட்டேன். சத்தமில்ல. ஏலச்செடி நம்ம தலைக்கு மேல ஒசரம் புள்ள, உள்ள ஆனை நின்னாலும் தெரியாது. ஆனா ஒரு எடத்துல மட்டும் எலை அசைஞ்சுது. சரின்னு அந்த எலையைப் பாத்து நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கத்துனேன். உங்கய்யனுக்குக் கால்ல வீக்கம், கோயமுத்தூர் மருந்து ஒத்துக்கிச்சு! மாட்டை வித்தாச்சு! உங்கம்மா கண்ணுல பொரை எடுத்தாச்சு! கெணறு வத்திருச்சு! கமலாத்தாளுக்கு மாப்ளை பாத்தாச்சு, பல்லு கொஞ்சம் எடுப்பு! வாயில வந்ததையெல்லாம் கத்தறேன், காடு கேட்டுக்கிட்டு நிக்குது."

ராசம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அப்பறம் உள்ளயிருந்து ஒரு கொரல். ராசு இன்னும் பள்ளிக்கோடம் போறாளான்னு."

காற்று பனையோலைகளைச் சடசடவென்று அடித்துவிட்டுப் போனது.

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? போறான்னா பொய். நின்னுட்டான்னா, தன்னாலதான்னு அவ நெஞ்சு வெடிச்சிரும். ஆபீஸ் போறான்னேன். மானத்துலயிருந்து பூமியைப் பாக்கற ஆபீஸ், உன்ற ஊட்டை மேலயிருந்து பாத்துக் கண்டுபுடிச்சவளே அவதான்னேன்."

"இன்னிக்கு அந்த வேலையும் போச்சே."

"நான் சொல்லறப்ப இருந்துச்சல்ல? அப்பறமென்ன."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. மூக்கை உறிஞ்சற சத்தம். கொழந்தை சிணுங்குச்சு. எலையை வெலக்கறாப்பலதான் இருந்துச்சு. அதுக்குள்ள நான் கத்தறதைக் கேட்டு, என்னைப் பாம்பு கடிச்சிருச்சுன்னு நெனைச்சு டீச்சர் ஓடி வந்துட்டாங்க. ஆபீசரைக் கண்டதும் காடு அப்பிடியே ஆடாம நின்னுருச்சு."

இருவரும் நடந்தார்கள். ஊர் நெருங்கியது. எட்டத்தில் நஞ்சப்பன் காலி வண்டியின் நுகத்தடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இன்னும் ஒரு வளைவு, அதற்கப்புறம் இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

"கருப்பாத்தா. அந்தக் கொரல் எப்பிடி இருந்துச்சு?"

"எப்பிடின்னா? பொன்னக்கா கொரல்தான். மலைக் காத்துக்குச் சளி புடிச்சாப்பல, கொஞ்சம் கட்டையா. ராசு, அப்பிடிங்கறப்ப மட்டும் இழுத்துச்சு."

"அதே மாதிரி சொல்லு."

"என்ன புள்ள, நான் என்ன கூத்தாடியா?"

"சொல்லேன்."

கருப்பாத்தாள் தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ராசம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இப்பிடி வேண்டாம். நீ முன்னால போ. திரும்பாம சொல்லு."

கருப்பாத்தாள் கேலி பண்ண வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலடி முன்னால் போய், வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ராசூ... இன்னும் பள்ளிக்கோடம் போறாளா?"

கரையில் ராசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னொருக்கா" என்றாள்.